சூறாவளி எச்சரிக்கை வந்தால் கல்லடியில் இருப்பதா, வெளிக்கிடுவதா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் திருப்பிச் சொல்கிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்குக் கிட்ட, கொங்கிரீட் தட்டுப் போட்ட மாடி வீடு. பாரிசவாதம் வந்து நடக்க ஏலாத அம்மா, வயதான அப்பா, கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், நீங்கள். புளோரிடாவில் இருக்கும் அண்ணன், அங்கே வீடுகளுக்குக் கொடுக்கும் ஹரிக்கேன் ஆயத்தப் பட்டியலை அனுப்பி, எச்சரிக்கை வந்தவுடன் வெளிக்கிடச் சொல்கிறார். அப்பாவோ, 78 சூறாவளிக்கே ஓலை வீட்டில் இருந்து தப்பினோம், இந்த வீட்டை விட்டு எதற்குப் போவது என்கிறார். 2020 இல் புரெவிச் சூறாவளி வருகிறது என்று பாடசாலையில் ஒரு இரவு கிடந்துவிட்டுத் திரும்பி வந்தால் வளவில் ஒரு முருங்கைக் கொப்புக்கூட முறியவில்லை. அடுத்த முறை போவதா, இருப்பதா?

நீங்கள் கேட்பதன் அடியில் இருப்பது "வீடு தாங்குமா" என்ற கேள்வி. அது நியாயமான கேள்விதான். ஆனால் 25 வருடம் கிராம உத்தியோகத்தராக, பாதிக் காலம் கடலோரப் பிரிவுகளிலும் மீதி வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் வேலை செய்த எனக்கு, அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது. உங்கள் பாதை எப்போது மூடும்? எங்கள் மாவட்டத்தில் நான் கண்ட ஆபத்துகளில் அநேகமானவை வீடு இடிந்து வந்தவை அல்ல. போகலாம் என்று மனம் வந்த நேரத்தில் பாதை இல்லாமல் போனதால் வந்தவை. அதை வைத்துத்தான் கீழே எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லவேண்டும். நான் பொறியியலாளர் இல்லை. உங்கள் தட்டும் தூண்களும் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று இங்கிருந்து சொல்வது எனக்குத் தகாது. அதை வீட்டைப் பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் கேளுங்கள். அம்மாவின் மருந்து விஷயத்திலும் கிளினிக் டொக்டரின் சொல்லே முடிவு.

அப்பாவின் அனுபவத்தை நான் தள்ளமாட்டேன், எனக்கும் அதில் பங்கு உண்டு. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. எனக்கு எட்டு வயது, ஆரையம்பதியில் இருந்தோம். பின்னேரம் வடக்கிலிருந்து ஏறிய காற்று, இருட்டியபோது கூரையைக் கழற்றிக்கொண்டு போனது. அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, ஈரப்பாயால் மூடினார். பிறகு திடீரென்று எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில் ஆட்கள் லாம்போடு வெளியே வந்து, பக்கத்து வீட்டைப் பார்க்கவும் மாட்டைத் தேடவும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி அடித்தது. வெளியே நின்றவர்கள்தான் பறந்த தகரத்துக்கும் விழுந்த தென்னைக்கும் அகப்பட்டார்கள். விடிந்தபோது நிமிர்ந்து நின்ற தென்னையை எண்ணிவிடலாம் போல இருந்தது. அந்தச் சூறாவளியில் 900க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

அந்த நடு அமைதி ஏன் வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் பக்கத்தில் சூறாவளி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். நடுவில் காற்றில்லாத ஒரு வட்டம் இருக்கும், அதைத்தான் கண் என்கிறார்கள். கிழக்கிலிருந்து அது நேரே எங்கள் மேல் ஏறினால், கண் வருமுன் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், கண் கடந்த பின் தெற்கிலிருந்து அடிக்கும். ஆகவே காற்று சட்டென்று நின்றால் சூறாவளி முடிந்தது என்று அர்த்தமில்லை. அதன் பாதிதான் முடிந்திருக்கிறது. வானொலியில் அறிவிக்கும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது. அப்பா 78 இல் தப்பியது அவர் வீட்டின் பலத்தால் மட்டும் இல்லை. அன்று அதே மாதிரி இருந்து தப்பாதவர்கள் இன்று வந்து பேச இல்லை. இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், கேட்பார்.

சரி, அண்ணனின் பட்டியலுக்கு வருகிறேன். ஹரிக்கேனும் எங்கள் சூறாவளியும் ஒரே சாமான்தான், கடலுக்குக் கடல் பெயர் மாறுகிறது. பட்டியலில் இருக்கும் தண்ணீர், மருந்து, பத்திரம், பேட்டரி வானொலி எல்லாம் இங்கேயும் அப்படியே பொருந்தும். பொருந்தாதது வெளியேறும் முறை. புளோரிடாவில் கடல்நீர் ஏறக்கூடிய இடங்களில் உள்ள வீடுகளுக்கு ஏ, பி, சி என்று ஒரு வலய எழுத்து உண்டு. கடல்நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்ற கணக்கில் அந்த எழுத்து கொடுக்கப்படும். ஏ வலயத்தை முதலில் கிளப்புவார்கள். சனம் காரில் ஏறி அகலமான நெடுஞ்சாலையில் உள்நாட்டுக்குப் போகும். எங்களிடம் அந்த எழுத்தும் இல்லை, அந்த நெடுஞ்சாலையும் இல்லை. ஆனால் அதன் அடியில் இருக்கும் எண்ணம் சரியானது. கிளம்பச் சொல்வது தண்ணீருக்காக. காற்றுக்கு மட்டும் என்றால் பலமான கட்டிடத்துக்குள் ஒதுங்கினால் போதும்.

கடல் ஏறும் விஷயத்தில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. வங்காள விரிகுடாவின் வடக்கே, வங்காளதேசக் கரையில், கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது. சூறாவளி தள்ளும் நீர் அங்கே குவிந்து மலை போல ஏறும். 1970 நவம்பரில் போலா சூறாவளியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது அப்படித்தான். எங்கள் கிழக்குக் கரையில் கடல் சீக்கிரமே ஆழமாகிவிடுகிறது, அந்தளவு குவியாது. அதற்காகப் பேசாமல் இருந்துவிட ஏலாது. நாவலடி, டச்பார், திருச்செந்தூர்ப் பக்கம் போல அலைக்கும் வீட்டுக்கும் நடுவே சில பாகம் மணல் மட்டும் இருக்கிற இடத்தில், ஒரு ஆள் உயரம் ஏறினாலே போதும். கடலுக்கு முதல் இரண்டு மூன்று ஒழுங்கைக்குள் உங்கள் வீடு இருந்தால், மிகக் கடுமையான கட்டமான சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளிக்கிடுங்கள் என்பதுதான் என் பதில். மாடி வீடாக இருந்தாலும் அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இனி எங்கள் ஊருக்கே உரிய விஷயம், பட்டியலில் இல்லாதது. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே போகும் நிலம் முழுக்கக் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய துண்டு. கிழக்கே கடல், மேற்கே 50 கிலோமீட்டருக்கும் கூடுதலாக நீண்டு கிடக்கும் வாவி. சனம் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கும். வெள்ளம் வருவது அநேகமாக முதுகுப்பக்கம், வாவியிலிருந்து. உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் நிறைந்து மேலதிக நீர் வானால் பாய்ந்தால், அல்லது அணையைக் காக்க வான் கதவைத் திறந்தால், அந்தத் தண்ணீர் வயல்களைக் கடந்து வாவிக்குத்தான் வரும். வாவிக்குக் கடலோடு வாய் இரண்டு இடத்தில்தான். ஒன்று பாலமீன்மடுப் பக்கம், மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கம். வெயில் காலத்தில் மணல் அடைந்து வாய் மூடிக்கொள்ளும். மாரியில் நீர் மட்டம் ஏறும்போது அந்த வாயை, அதாவது முகத்துவாரத்தை, வெட்டிவிடுவார்கள்.

அந்த வெட்டு எப்போது என்பது எங்கள் மாவட்டத்தின் மிகப் பழைய வழக்கு. வயல்காரர் வேளாண்மை அழுகிப்போகும், இன்றைக்கே வெட்டுங்கள் என்பார்கள். மீன்பிடிக்காரர் இறால் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். இரண்டு பக்கமும் சொல்வது உண்மை. நான் அந்தக் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன், ஒருவரையும் பிழை சொல்ல மனம் வராது. உங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். முகத்துவாரம் வெட்டியிருந்தாலும், சூறாவளி நேரத்தில் கடல் கொந்தளித்து நின்றால் வாவித் தண்ணீர் வெளியே ஓடாது. மேலிருந்து குளத்து நீர் வரும், கீழே கடல் தடுக்கும், நடுவில் வாவி வீங்கும். அதனால் கல்லடியில் மழை விட்ட பிறகும் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கலாம். வெயில் அடிக்கிறதே என்று அந்த நேரத்தில் ஏமாறாதீர்கள். கடற்கரைப் பக்கத்து மணல் மேடு தண்ணீரைக் குடித்துவிடும். வாவிக்கரையும், மதில் கட்டி வடிகானை மறித்த ஒழுங்கைகளும்தான் முதலில் முட்டும்.

உங்கள் வளவு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அறிய எந்த வரைபடமும் வேண்டாம். 2011 ஜனவரியிலும் அடுத்த மாதமும் வந்த வெள்ளத்தின்போது உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எங்கே நின்றது என்று பழைய ஆட்கள் நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள். நான்கு கோடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நம்புங்கள். அதற்குப் பிறகு மதிலும் றோட்டும் உயர்ந்திருந்தால் இனித் தண்ணீர் அதைவிடவும் மேலே நிற்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். என் பிரிவுகளில் நான் வைத்திருந்த வெள்ளக் கணக்கு இந்தக் கோடுகள்தான், அவை என்னை ஏமாற்றியதில்லை.

பாதைக்கு வருகிறேன். கல்லடியிலிருந்து நகரத்துக்குக் கல்லடிப் பாலம். தெற்கே பிரதான வீதியால் போனால் மண்முனைப் பாலம் ஏறிக் கொக்கட்டிச்சோலை. சொந்தக்காரர் படுவான்கரையில் இருக்கிறார்கள், உள்நாடுதானே, கடல் இல்லையே என்று பலர் அங்கே ஓடுவார்கள். மழையோடு வரும் சூறாவளிக்கு அது பிழையான திசை. குளத்து நீர் முதலில் பாய்வது அங்கேதான். தாம்போதிகள், அதாவது வெள்ளம் மேலால் ஓடக்கூடிய தாழ்ந்த பாதைகள், மூடினால் ஊர்கள் தீவாகிவிடும். கிரான் பக்கம் புலிபாய்ந்தகல் பாதை மாரிக்கு மூடி, ஆட்கள் வள்ளத்தில் வந்து போவதை ஒவ்வொரு வருடமும் போலப் பார்க்கிறோம். கல்முனைக்கு மேற்கே கிட்டங்கித் தாம்போதியும் அப்படித்தான். கடல் ஏறும் பயம் இல்லாத, அதே நேரம் 2011 வெள்ளத்தில் முட்டாத வீடு ஒன்று, எந்தத் தாம்போதியையும் கடக்காமல் போகக்கூடிய தூரத்தில் வேண்டும். பாலத்துக்கு அப்பால் நகரத்துப் பக்கம் உறவினரோ சிநேகிதரோ அப்படி இருந்தால் இப்போதே பேசி வையுங்கள்.

தாம்போதி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு மாவடிப்பள்ளிப் பாதையில், மதரஸா விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. உழவு இயந்திரம் உயரம்தானே, பாரம்தானே என்று நாங்கள் எல்லோருமே நினைக்கிறவர்கள். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே நிற்கும் ஆளின் காலை வாரிவிடும். ஓரடி இருந்தால் சின்னக் காரை மிதக்கவைக்கும். இரண்டடி பெரிய வாகனத்தையே தள்ளிக்கொண்டு போகும். இது உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. அதோடு, கலங்கல் தண்ணீருக்குக் கீழே றோட்டு அரித்துப்போய்விட்டதா என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் திரும்பிப் போங்கள். அங்கால் நிற்பது பெற்ற பிள்ளையாக இருந்தாலும் திரும்பிப் போய் வள்ளத்துக்குச் சொல்லுங்கள்.

இனிப் புரெவி. அன்று உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். சூறாவளியின் மையம் எங்கே கரையைத் தொடும் என்று ஒரு நாளுக்கு முன் சொல்லும் கணிப்பு, பல பத்துக் கிலோமீட்டர் இங்கால் அங்கால் போகும். நல்ல கருவிகள் உள்ள நாடுகளிலும் அப்படித்தான். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். புரெவி 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே ஏறியது. இன்னும் கொஞ்சம் தெற்கே வந்திருந்தால் பாடசாலையில் கிடந்த அந்த இரவுக்கு நீங்கள் நன்றி சொல்லியிருப்பீர்கள். புயல் உருவாகி நகர்கிறது, ஏறத்தாழ எப்போது வரும் என்பதெல்லாம் இப்போது மிகவும் நம்பத்தக்கது. சரியாக எந்த ஊர் என்பது கடைசி 12 மணித்தியாலம்வரை சந்தேகம்தான். எவ்வளவு மழை, எந்தக் குளத்துக்கு மேலே என்பது அதைவிடச் சந்தேகம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அவர்களில் பெரும்பாலானவர்களைக் கொண்டுபோனது மண்சரிவும் வெள்ளமும். அறிவித்தலைக் கேட்கும்போது காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு வானொலியை மூடாதீர்கள். மழை எத்தனை மில்லிமீட்டர், எந்தக் குளத்தின் வான் கதவு திறக்கப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் காற்றையும் மழையையும் சொல்லும், நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றையும் குளத்தையும் சொல்லும். இரண்டும் வேண்டும். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அடித்துக் கேளுங்கள். போனில் சுற்றிவரும் குரல் பதிவுகளைக் கேட்டு முடிவெடுக்கவேண்டாம்.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு என் பதில் என்ன? அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நேரம் வைக்காதீர்கள். அம்மாவை, கிழக்குக் கரையை நோக்கி வருகிறது என்று முதல் அறிவித்தல் வந்த அன்றே, பகல் வெளிச்சத்தில், மழை பலக்குமுன் கொண்டுபோய்விடுங்கள். அது வீண் பயணமாகப் போகலாம். ஐந்து தடவையில் நான்கு தடவை வீணாகவே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைக் காற்றிலும் இருட்டிலும் தூக்குவது எப்படி என்று நான் செய்து பார்த்தவன், அதனால் சொல்கிறேன். 2011 இல் ஒரு பாட்டியைக் கதவுப் பலகையில் படுக்கவைத்து நெஞ்சளவு தண்ணீரில் நான்கு பேர் தூக்கி வந்தோம். முந்தைய நாள் காலையில் ஓட்டோவில் பத்து நிமிடத்தில் வந்திருக்கவேண்டியவர். அவர் பிழைத்தார், ஆனால் நெஞ்சில் சளி கட்டி நெடுநாள் வைத்தியசாலையில் இருந்தார். மற்றவர்கள் சிவப்பு அறிவித்தலுக்கு, அன்று பொழுது படுமுன் வெளிக்கிட்டால் போதும். பொழுது பட்ட பிறகு, காற்று கொப்புகளை முறிக்கத் தொடங்கிய பிறகு, வெளிக்கிடாதீர்கள். அந்த நேரத்தில் றோட்டை விட வீடு நல்லது.

அப்படி அகப்பட்டுவிட்டால், தட்டுக்குக் கீழே, யன்னல் இல்லாத அல்லது யன்னல் சின்னதாக உள்ள உள் அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் தகரம் போட்டு இறக்கிய அடுப்படிப் பக்கம் வேண்டாம். கீழே தண்ணீர் ஏறினால் மேலே போங்கள், ஆனால் மொட்டைமாடிக்கு அல்ல. பிரதான மின் ஆளியை நிலம் காய்ந்திருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். காற்றுக்காலம் தொடங்குமுன், ஐப்பசியிலேயே, வீட்டுக்குக் கிட்ட நிற்கும் தென்னைகளில் காய்ந்த ஓலையையும் குரும்பட்டி குலையையும் இறக்கிவிட்டால் பாதிப் பறக்கும் சாமான் குறையும்.

பாடசாலை முகாம் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள், நான் நேராகவே சொல்கிறேன். முகாமை நான் நடத்தியவன், அதில் வசதி இல்லை என்று எனக்குத் தெரியும். மலசலகூடம் பிள்ளைகளின் அளவுக்குக் கட்டியது, வயதானவர்கள் குந்தி எழும்ப ஏலாது. பெண்கள் இரவில் அதற்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், பிறகு காய்ச்சல் வரும். சமைத்த சாப்பாடு முதல் நாள் பிந்தும். இதெல்லாம் தெரிந்தும் முகாம் உயிரைக் காக்கிறது என்பதால் போங்கள் என்கிறேன். முடிந்தால் உறவினர் வீட்டுக்கு. முகாமுக்குத்தான் என்றால் டோர்ச், பாய், போர்வை, ஒரு நாள் உலர் சாப்பாடு, பெண்களுக்குத் தேவையான துணி, அம்மாவுக்குப் பிளாஸ்டிக் இருக்கை போட்ட கொமட் கதிரை எல்லாம் கொண்டுபோங்கள். இருக்கும் இடத்தில் விளக்கு இல்லையென்றால் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, எங்களுக்கும் அது உதவி. கேட்காத முகாமில் குறை தெரியவராது.

பத்திரங்களை மட்டும் பொழுதோடு கட்டி வையுங்கள். சுனாமிக்குப் பிறகு ஒன்றரை வருடம் என் மேசைக்கு முன்னால் நின்ற வரிசையில் பாதிப்பேர் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காணி உறுதியும் போனவர்கள். உயிர் தப்பியும் தாங்கள் யார் என்று நிரூபிக்க அலைந்தார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றில் எல்லாவற்றையும் உறையில் போட்டு வைத்து, போனில் படமும் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள். புளோரிடாவில் இருப்பவரால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். அம்மாவின் கிளினிக் கொப்பி அந்த வாளியின் மேலே இருக்கட்டும். ஒக்டோபர் தொடக்கம் பெப்ரவரி வரை, இரண்டு கிழமைக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் கணக்கில் மூன்று நாளுக்கு நிரப்புங்கள். பக்கத்தில் மாடு வளர்ப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகட்டும். கட்டையில் கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும். அவிழ்த்துவிட்டது மேட்டைத் தேடிப் போகும்.

வீட்டைக் காக்க ஒரு ஆம்பிளை நிற்கட்டும் என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வரும். களவு நடக்கும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியாக நிற்பதுதான் மோசம். ஒழுங்கை முழுக்கச் சேர்ந்து பேசி, மிகப் பலமான ஒரு வீட்டில் நீந்தத் தெரிந்த மூன்று நான்கு பேர், பெயர் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டு நிற்கட்டும். அதுவும் கடலோர முதல் ஒழுங்கைகளில் வேண்டாம்.

இவ்வளவும் சூறாவளிக்கும் வெள்ளத்துக்கும் மட்டும். சுனாமிக்கு இந்த நிதானம் எதுவும் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 காலையில் எங்களுக்கு எச்சரிக்கை என்று ஒன்றே இல்லை. நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, சுனாமி அறிவித்தல் வந்தாலோ, வாளியும் வேண்டாம் பத்திரமும் வேண்டாம், அந்த நிமிடமே கடலுக்கு எதிர்ப்பக்கம் போங்கள். போக நேரமில்லை என்றால் உயரமான பலமான மாடிக்கு ஏறுங்கள். அப்போது மட்டும் உங்கள் மாடி வேறு கணக்கு. பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். ஒன்றில் நேரம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

திரும்பி வருவதிலும் அவசரம் வேண்டாம். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாமல் மின்சார சபையின் 1987 க்குச் சொல்லுங்கள். வெள்ளத்தோடு பாம்பு வீட்டுக்குள் வந்து அலுமாரிக்குப் பின்னாலும் துணிமூட்டைக்குள்ளும் ஒதுங்கியிருக்கும். கையை விடுமுன் தடியால் தட்டுங்கள். வாவிக்கரையில் முதலைப் பயமும் இருக்கிறது, பிள்ளைகளை வெள்ளத்தில் விளையாட விடாதீர்கள். கிணற்றில் வெள்ளம் புகுந்திருந்தால் மலசலகூடக் குழியின் நீரும் சேர்ந்து புகுந்திருக்கிறது என்றே எண்ணுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும்வரை அதில் குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ வேண்டாம். அவசரப்பட்டு மோட்டர் பூட்டி அடிவரை இறைக்கவும் வேண்டாம். எங்கள் மணல் நிலத்தில் சுற்றியுள்ள தண்ணீர் உயர்ந்திருக்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வளையம் சரிந்துவிடும். சேற்றில் வெறுங்காலோடு நின்று துப்புரவு செய்தவர்களுக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வருவதுண்டு. வெள்ளத்துக்குப் பிறகான கிழமைகளில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பரசிற்றமோலோடு இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குப் போய், வெள்ளத்தில் நின்றேன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் டொக்டருக்கு மிகவும் உதவும்.

சூறாவளிகள் கூடிக்கொண்டு வருகின்றனவா என்றும் கேட்டிருந்தீர்கள். கடல் சூடாகச் சூடாக, வருகிற புயல் கொட்டும் மழை கூடும் என்பதில் விஞ்ஞானிகளிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எண்ணிக்கை கூடுமா என்பது இன்னும் தீராத விவாதம். எங்களுக்கு மழைதான் முதல் எதிரி என்பதால் முதல் பாதியே போதும் ஆயத்தமாக.

இந்தக் கிழமை செய்யக்கூடியது இரண்டு. உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் போய், நடக்க ஏலாத ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அம்மாவின் பெயரைப் பதியுங்கள். வாகனம் அனுப்பும்போது முதலில் பார்க்கும் பட்டியல் அது, அதில் இல்லாத வீட்டை இரவில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அடுத்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கைபிடி உள்ள பிளாஸ்டிக் கதிரையில் அம்மாவை இருத்தி, சீலையால் இடுப்பில் ஒரு கட்டுப் போட்டு, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கி அறையிலிருந்து கேற் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். என் மாமிக்கு இப்படிச் செய்து பார்த்தபோதுதான் கதிரை அறைக்கதவால் நேரே வராது, பக்கவாட்டில் சரித்துத்தான் எடுக்கவேண்டும் என்று தெரிந்தது. அன்றே அந்தக் கதவின் நிலையை ஆறு அங்குலம் அகலமாக்கினோம்.